வீடு விற்க விளங்க வேண்டும்

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இருந்த தன் வீட்டை நாற்பத்தாறு லட்சத்துக்கு விற்பதென்று அறிவுச்செல்வன் முடிவு செய்தபோது, அதில் விளங்காமல் போக ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எம்.எஸ்சி., பி.எட். முப்பத்து நான்கு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் வட்டிக் கணக்கைச் சரியாகப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். தப்பாகப் போடுகிறவர்களிலும் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை.

வீட்டை விற்கக் காரணம் அவர் மனைவி வெண்மதியின் முழங்கால். கட்டுகிற காலத்தில் படுக்கையறையை மாடியிலும் குளியலறையைக் கீழேயும் வைத்தது அறிவுச்செல்வனின் சொந்த யோசனை. பத்து வருடமாக வெண்மதி அதைக் குறை சொன்னாள். இப்போது குறை சொல்வதை விட்டுவிட்டாள். பதினேழு படிகளையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குகிறாள். குறை சொன்ன காலமே தேவலை என்று அவருக்கு இருந்தது.

கும்பகோணத்தில் மகள் எழில்மதி குடியிருக்கும் தெருவிலேயே லிஃப்ட் வைத்த அடுக்குமாடி ஒன்றில் வீடு பார்த்து, ஐந்து லட்சம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மீதியை ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வாங்குகிறவர் ஓகுஸ்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, அங்கிருந்து மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பிறந்த ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்க வந்திருப்பவர். பேச்சில் சுற்றி வளைக்கிற பழக்கம் கிடையாது.

"பிப்ரவரி மூணாந்தேதி கண் ஆபரேஷனுக்கு பிரான்ஸுக்கு, தூலோன் போறேன் சார். அதுக்குள்ள பத்திரம் முடிஞ்சா உங்க வீடு. முடியலன்னா ரெண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு பாத்து வச்சிருக்கேன்" என்று காபியைக் குடித்து முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

அன்று மாலையே வெண்மதி நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் விற்பதற்கு ஆகும் செலவையெல்லாம் எழுதினாள். தரகருக்கு நூற்றுக்கு ஒன்று, நாற்பத்தாறாயிரம். வக்கீலுக்கு, பத்திரம் எழுதுகிறவருக்கு, வில்லங்கச் சான்றுக்கு, வீட்டுவரி பாக்கிக்கு, தண்ணீர் வரிக்கு, ஒழுகுகிற மாடிக் கூரைக்கு ஒரு பூச்சு. விற்ற பணத்தில் வேறு வீடு வாங்குவதால் லாப வரி இல்லை என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். ஆக மொத்தம் எழுபத்தெட்டாயிரம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அறிவுச்செல்வன் ஒரு தடவை மேலிருந்து கீழாகவும் ஒரு தடவை கீழிருந்து மேலாகவும் கூட்டிப் பார்த்து, சரி என்றார்.

வில்லங்கச் சான்று ஒரு வாரத்தில் வந்தது. வில்லங்கம் ஏதும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வக்கீல் போன் செய்து, "சார், விளங்கற் சான்றிதழ் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

வீடு விற்கும் சாமானிய மக்கள், கடைசி நேரத்தில் என்னென்ன செலவு வந்து சேரும் என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்று எங்கோ யாரோ வருத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் மனை விற்போர் செலவு விளக்கக் கழகம். இனிமேல் வீடு விற்கும் எவரும், தமக்கு ஆகும் செலவு முழுவதும் தமக்கு விளங்கிவிட்டது என்று இந்தக் கழகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் பத்திரம் பதிய முடியாது.

"ரொம்ப நல்ல விஷயமாச்சே" என்றார் அறிவுச்செல்வன். அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

டிசம்பர் முதல் வாரம், மழை விட்ட ஒரு காலையில் அவர் காரைக்காலுக்கு ஸ்கூட்டரில் போனார். கழகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வரவேற்பு மேஜையில் காதர் பாட்சா என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஐம்பது வயது எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் 'விளங்காதோர் பதிவு' என்று எழுதியிருந்தது.

"எனக்குப் பதிவெல்லாம் வேண்டாம் பாய். செலவெல்லாம் விளங்கியாச்சு. சான்றிதழ் மட்டும் குடுத்தா போதும்" என்று அறிவுச்செல்வன் நாள்காட்டித் தாளை நீட்டினார்.

காதர் பாட்சா அந்தத் தாளை மரியாதையாகப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் சார் இருக்கு. ஆனா விளங்கினவங்களுக்கு இங்க கவுன்டர் கிடையாது. இதுவரைக்கும் அப்படி யாரும் வந்ததில்ல. விளங்காதவங்கன்னு பதிஞ்சாத்தான் விளக்க முடியும். விளக்கினாத்தான் விளங்கினதா எழுத முடியும்."

"ஏற்கெனவே விளங்கியிருந்தா?"

"அது எங்க மூலமா விளங்கினதில்லையே சார்."

படிவத்தில், 'இன்றைய தேதி வரை எனக்கு எதுவும் விளங்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே பெயர், கல்வித் தகுதி, கையெழுத்து. அறிவுச்செல்வன் எம்.எஸ்சி., பி.எட். என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சிறிது நேரம் யோசித்தார். பின்னால் நின்றவர் இருமினார். போட்டார். கட்டணம் ஐந்நூறு ரூபாய். அதை அவர் செல்போனில் அனுப்பியதும், மேஜையில் இருந்த சின்னப் பெட்டி, "பணம் பெறப்பட்டது, நன்றி" என்று பெண் குரலில் சொன்னது. அந்த அலுவலகத்தில் எந்தத் தடங்கலும் இல்லாமல் வேலை செய்த ஒரே பொருள் அதுதான் என்பது பிற்பாடுதான் அவருக்குத் தெரிய வந்தது.

உள்ளே விளக்க அலுவலர் வினோதா இருந்தார். முப்பது வயதிருக்கும். பணிவானவர். எதைச் சொன்னாலும் மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னார். மேஜையில் ஒரு பட்டியலை விரித்தார்.

"விளக்கக் கட்டணம் ஆறாயிரம் சார். விளக்கத்துக்கு விளக்கம், நாலாயிரம். புரிதல் மேம்பாட்டு நிதி, நாலாயிரத்து ஐந்நூறு. சந்தேக வைப்புத்தொகை ஐயாயிரம். இது திரும்பக் கிடைக்கக்கூடியது."

"சந்தேக வைப்புத்தொகைன்னா என்னம்மா?"

வினோதாவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அது சந்தேகம் எதுவும் கேக்காதவங்களுக்குத்தான் சார் திரும்பக் கிடைக்கும். இப்ப நீங்க கேட்டுட்டீங்க."

"அது என்னன்னு தெரியாம எப்படிம்மா நான்..."

"ரெண்டாவது சந்தேகத்துக்குக் கட்டணம் இல்ல சார். தாராளமா கேளுங்க."

அவர் கேட்கவில்லை. பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து இருபதாயிரம் ரூபாய். வெண்மதியின் தாளில் இருந்த எழுபத்தெட்டு, இப்போது தொண்ணூற்றெட்டாயிரம் ஆகியிருந்தது. செலவு என்னவென்று தெரிந்துகொள்ள ஆகும் செலவும் செலவில்தானே சேரும் என்று வினோதா எடுத்துச் சொன்னார். அதில் தவறு காண முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது வெண்மதி, "இதுல என்னத்த விளக்கப் போறாங்களாம்?" என்று கேட்டாள். "அந்த இருபதாயிரத்தத்தான்" என்றார் அவர்.

வகுப்பு மூன்று நாள் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். சுரக்குடியிலிருந்து வந்த ஒரு விவசாயி, முதல் நாள் முழுக்கத் தான் எதையும் விற்க வரவில்லை என்றும், கீழே செல்போன் சரி செய்ய வந்து படி மாறி ஏறிவிட்டதாகவும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரிடமும் ஐந்நூறு ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

மேஜை மேல் தெர்மகோலில் செய்த அழகான மாதிரி வீடு ஒன்று வைத்திருந்தார்கள். வாசல், ஜன்னல், மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தது. வினோதா ஒவ்வொரு செலவாகச் சொல்லச் சொல்ல, வீட்டில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். தரகுக்குத் தண்ணீர்த் தொட்டி போனது. வக்கீலுக்குப் படிக்கட்டு. விளக்கக் கட்டணத்துக்கு மாடி. புரிதல் மேம்பாட்டு நிதிக்குப் பக்கத்துச் சுவர் இரண்டும். கடைசியில் மேஜை மேல் கேட் மட்டும் நின்றது.

"மீதி இருக்கிறதுதான் உங்க கைக்கு வர்றது" என்று வினோதா சொன்னார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் இயக்குநர் புகழேந்தி வந்து பேசினார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, நெற்றியில் சந்தனம். நல்ல குரல். அவருக்குக் கழகத்தின் மேல் உண்மையான பற்று இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

"இத்தனை வருஷமா இந்த ஊர்ல வீடு வித்தவங்கள்ல எத்தன பேருக்குச் செலவு விளங்கிச்சு? ஒருத்தருக்கும் விளங்கல. ஆனா வித்தாங்க. எவ்வளவு ஆபத்து பாருங்க! இன்னைக்கு அந்த நெலம இல்ல. போன ஆறு மாசத்துல நம்மகிட்ட பதிஞ்சவங்க இருநூத்துப் பன்னெண்டு பேர். அதுல வீட்ட வித்தவங்க மூணு பேர். மீதி இருநூத்து ஒன்பது பேர விக்கிற நஷ்டத்துலேர்ந்து நாம காப்பாத்தியிருக்கோம்."

வினோதா கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"சிலபேர் கேக்குறாங்க, செலவையெல்லாம் ஒரே தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டா போதாதா, எதுக்கு இத்தனை பேருன்னு. ஒட்டலாம். நாளைக்கே ஒட்டலாம். ஆனா ஜனங்க படிச்சிடுவாங்க. படிச்சா விளங்கிடும். எல்லாருக்கும் விளங்கிட்டா, விளக்குறதுக்குன்னே வந்த பதினோரு ஊழியர் குடும்பம் எங்க போவும்? நாமளும் மனுஷங்கதானே. ஏழை பாழைங்களப் பத்தி யோசிக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. சுரக்குடி விவசாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அன்று கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த புதன்கிழமை தேர்வு. ஒரே கேள்விதான். உங்கள் வீட்டை விற்க ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு? அதன் கீழே ஒரு குறிப்பு: சான்றிதழ்க் கட்டணம், மொத்தச் செலவில் நூற்றுக்கு இரண்டு. மொத்தச் செலவில் சான்றிதழ்க் கட்டணமும் அடங்கும்.

மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்கள். அறிவுச்செல்வனுக்கோ உடம்பெல்லாம் புது ரத்தம் பாய்ந்தது. ஓய்வு பெற்ற நான்கு வருடத்தில் இப்படியொரு கணக்கு அவர் கைக்கு வரவில்லை. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு போனால் மீதித் தொண்ணூற்றெட்டு பங்கு. அந்தத் தொண்ணூற்றெட்டு பங்குதான் தொண்ணூற்றெட்டாயிரம். ஆகவே மொத்தம் சரியாக ஒரு லட்சம். சான்றிதழுக்கு இரண்டாயிரம். நான்கே வரி. கீழே இரட்டைக் கோடு போட்டார். கூட்டத்தில் பார்த்த பழைய மாணவனைப் போல அந்த விடை அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர் தேறவில்லை.

"எப்படிங்க? எங்க தப்பு?" என்று அவர் காதர் பாட்சாவிடம் போய் நின்றார்.

"சிஸ்டம் ஒத்துக்கல சார்" என்று காதர் பாட்சா திரையைத் திருப்பிக் காட்டினார். கணினி முதலில் தொண்ணூற்றெட்டாயிரத்துக்கு இரண்டு சதவீதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது என்று போட்டது. அதைச் சேர்த்ததும் மொத்தம் மாறியது. மாறிய மொத்தத்துக்கு மறுபடி இரண்டு சதவீதம் போட்டது. மறுபடி மாறியது. ஒரு லட்சத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தது. பைசாக் கணக்கில் பாக்கி காட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பாக்கிக்கும் ஒரு ரசீது. ரசீது ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். அந்த ஐம்பது ரூபாயும் மொத்தச் செலவில் சேர்ந்தது.

"இது முடியவே முடியாதே பாய்!"

"இதுவரைக்கும் முடிஞ்சதில்ல சார். கரன்ட் போனாத்தான் நிக்கும்."

"அப்ப அந்த மூணு பேரு எப்படித் தேறுனாங்க?"

"அவங்க தேர்வு எழுதும்போது கரன்ட் போயிடுச்சு சார்."

இரண்டாம் தடவை அவர் கணினி சொல்லும் எண்ணையே எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் கணினி வேறு எண்ணுக்குப் போயிருந்தது. தேறவில்லை. மூன்றாம் தடவைக்கு முன்னால் வினோதா இரக்கப்பட்டு, சரியான விடை 'அலுவலகத்தை அணுகவும்' என்பதுதான் என்று சொல்லிக் கொடுத்தார். அதையே எழுதினார். அந்த வாரம் விடை 'அலுவலகத்தை நேரில் அணுகவும்' என்று திருத்தப்பட்டிருந்தது. வாழ்நாளில் எந்தத் தேர்விலும் தோற்காத மனிதர், ஒரே கணக்கில் மூன்று தடவை தோற்றார். அன்று ஜனவரி இருபத்தொன்று.

அன்றைக்கே கும்பகோணத்திலிருந்து கட்டடக்காரர் போன் செய்து, தேதி நினைவிருக்கிறதா என்று கேட்டார். ஓகுஸ்தேன் நேரில் வந்து, மாடிக்கூரைப் பூச்சை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அங்கல்லாம் நொத்தேர்னு ஒருத்தர் இருப்பார் சார். பத்திரம், செலவு, வரி எல்லாத்தையும் அவரே பாத்துடுவார். அவரு பில்லும் எனக்கு விளங்கினதே இல்ல. ஆனா விளங்கிச்சான்னு அவர் கேக்க மாட்டார்" என்றார். கிளம்பும்போது, "மூணாந்தேதி ஃபிளைட்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கழகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அறிவுச்செல்வன் தனியாக நின்றுகொண்டிருந்தபோது, காதர் பாட்சா தன் கிளாஸை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார்.

"சார், என் தம்பி தௌஹீத் உங்ககிட்டதான் படிச்சான். இப்ப துபாய்ல கணக்குப் பிரிவுல இருக்கான். அந்த உரிமைல ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"விதி பதினேழுன்னு ஒண்ணு இருக்கு. மூணு தடவ தேறாதவங்கள இயக்குநர் நேர்ல விசாரிப்பாரு. இவருக்கு எவ்வளவு விளக்கினாலும் ஏறாதுன்னு அவருக்குத் திருப்தி ஆயிட்டா, விலக்கு குடுத்துடுவாரு. சான்றிதழ்க் கட்டணம் கிடையாது, பாக்கி கிடையாது, ரசீது கிடையாது. நேரா போய்ப் பத்திரம் பதியலாம்."

"அப்படியா! இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அந்த விலக்குக்கு என்ன பேரு?"

காதர் பாட்சா டீயை ஒரு வாய் குடித்தார். கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "விளங்காதவர் சான்றிதழ்."

அறிவுச்செல்வன் கிளாஸைக் கீழே வைத்தார். "பாய், நான் எம்.எஸ்சி."

"அத நான் ஃபைல்ல கடைசிப் பக்கத்துல வச்சிடுறேன் சார்."

வீட்டுக்கு வந்து அவர் விஷயத்தைச் சொன்னபோது வெண்மதி சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, இத நான் முப்பத்தேழு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு பைசா யாரும் குடுக்கல. அவங்க முத்திரை வச்சுக் குடுக்கிறாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல பாதிப் பேரு எங்கிட்ட படிச்சவன் வெண்மதி. பதிவு ஆபீஸ்ல அத எடுத்து வாசிப்பான். அங்க உக்காந்திருக்கிறவனும் எங்கிட்ட படிச்சவனாத்தான் இருப்பான்."

வெண்மதி சிரிப்பை நிறுத்தினாள். பிறகு எழுந்து, குளிக்கப் போக வேண்டும் என்று மாடியில் இருந்த துண்டை எடுக்கப் படியேறினாள். இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, ஒரு காலை இழுத்து வைத்து, நின்று மூச்சு வாங்கி, அடுத்த படி. அவர் எழுந்து ஓடி, "நான் எடுத்துத் தர்றேன், நீ இரு" என்றார்.

"இன்னைக்கு எடுத்துத் தருவீங்க. சரி" என்றாள் அவள், நாலாவது படியில் உட்கார்ந்து. "அந்த ஆளுங்க முன்னாடி ஒரு பத்து நிமிஷம் விளங்காதவரா இருங்க. வீட்டுக்கு வந்ததும் எம்.எஸ்சி. ஆயிக்கலாம். எதுவும் பேசக் கூடாது. எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடணும். எம்மேல சத்தியம்."

அவர் சத்தியம் செய்தார்.

விசாரணை ஜனவரி இருபத்தேழு. இயக்குநரின் அறையில் புகழேந்தி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வினோதா. மறுபக்கம் குறிப்பெழுதக் காதர் பாட்சா. சுவரில் வெள்ளைப் பலகை.

"அஞ்சு கேள்வி கேப்போம். பயப்படாதீங்க. தெரிஞ்சத சொல்லுங்க" என்றார் புகழேந்தி கனிவாக. "தரகுன்னா என்ன?"

"தெரியலீங்க."

"வில்லங்கச் சான்று எதுக்கு?"

"தெரியலீங்க."

"ஒரு சதவீதம்னா என்ன அர்த்தம்?"

முப்பத்து நான்கு வருடத்தில் ஆறாயிரம் பிள்ளைகளுக்கு அறிவுச்செல்வன் சொல்லிக் கொடுத்தது அது. "தெரியலீங்க" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. காதர் பாட்சா தலை நிமிராமல் எழுதினார்.

நாலாவது கேள்வி, ஒரு டஜனுக்கு எத்தனை என்பது. அதையும் விழுங்கினார்.

புகழேந்திக்கு இரக்கம் வந்துவிட்டது. "பாவம். இவ்வளவு தூரம் வந்திருக்கார். நானே ஒரு தடவ விளக்கிப் பாக்கறேன்" என்று எழுந்து, பலகையில் நூறு என்று எழுதினார். "இதப் பாருங்க ஐயா. நூறு ரூபா செலவு. அதுக்கு ரெண்டு சதவீதம் கட்டணம், ரெண்டு ரூபா. சரியா? இப்ப அந்தக் கட்டணத்துக்கு மேல ஒரு ரெண்டு சதவீதம். ரெண்டும் ரெண்டும் நாலு. மொத்தக் கட்டணம் நாலு ரூபா." நாலைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டார். "இதுதான் கடைசிக் கேள்வி. விளங்கிச்சா?"

அறிவுச்செல்வன் வெண்மதியை நினைத்தார். பதினேழு படிகளை நினைத்தார். ஐந்து லட்சத்தை நினைத்தார். நாலைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆனால் ஜன்னல் கண்ணாடியிலும் அந்த நாலு இடவலம் மாறித் தெரிந்தது. பலகையில் ஒரு தப்பு எழுதியிருக்க, எந்த அறையிலும் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"தப்பு!" என்றார். அவரே எதிர்பாராத சத்தத்தில் வந்தது. எழுந்தும் நின்றுவிட்டார். "ரெண்டு ரூபாயில ரெண்டு சதவீதம் நாலு காசு சார்! மொத்தம் ரெண்டு ரூபா நாலு காசு! நாலு ரூபா எப்படி வரும்? எட்டாங்கிளாஸ் பய சொல்லுவான்!"

காதர் பாட்சா பேனாவை மூடிவிட்டார். எல்லாம் போயிற்று என்று அறிவுச்செல்வனுக்குத் தெரிந்துவிட்டது. வெண்மதிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி அப்படியே நின்றார்.

புகழேந்தி மேஜையில் இருந்த கழகத்தின் விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். விடைக்குறிப்பில் நாலு ரூபாய் என்றுதான் இருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா வினோதா? ரூபாய்க்கும் காசுக்கும் வித்தியாசம் தெரியல. நானே எழுதிக் காட்டியும் ஏறல. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொன்னா கோவம் வேற வருது." அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் பெரிய சோகம் இருந்தது. "எழுதுங்க பாட்சா. முற்றிலும் விளங்காதவர். பூரண விலக்கு."

காதர் பாட்சா பேனாவைத் திறந்து, வேகமாக எழுதி, இயக்குநர் மனம் மாறுவதற்குள் முத்திரையையும் குத்திவிட்டார்.

ஜனவரி இருபத்தொன்பது அன்று பத்திரம் பதியப்பட்டது. அறிவுச்செல்வன் பயந்தபடியே சான்றிதழைச் சத்தமாக வாசித்தார்கள். 'தருமபுரம் அறிவுச்செல்வன், எம்.எஸ்சி., பி.எட்., என்பார் முற்றிலும் விளங்காதவர் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.' காத்திருந்த கூட்டத்தில் இரண்டு பேர், "வணக்கம் சார்" என்று எழுந்து நின்றார்கள். அவர் வணக்கம் சொன்னார். அவர்களில் ஒருவன் கையில் அதே கழகத்தின் நீல நிற ரசீதுக் கத்தை இருந்தது. அவன் அந்தச் சான்றிதழைப் பார்த்த பார்வையில் ஏளனம் எதுவும் இல்லை. "சார், இது எப்படி சார் கெடச்சிது?" என்று கேட்டான்.

கவலைப்பட்டவர் ஓகுஸ்தேன் ஒருவர்தான். "இவரு கையெழுத்து செல்லுமா?" என்று அதிகாரியிடம் கேட்டார்.

"விளங்காதது செலவு மட்டுந்தாங்க. மத்தபடி தெளிவாத்தான் இருக்கார்" என்றார் அதிகாரி.

ஓகுஸ்தேன் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். முப்பதாம் தேதி கும்பகோணத்தில் மீதிப் பணம் கட்டியாயிற்று. பிப்ரவரி பத்தாம் தேதி குடிபோனார்கள். கழகத்தில் கட்டிய இருபதாயிரம் எப்போது திரும்ப வரும் என்று கேட்டதற்கு, அந்த விவரம் விளங்கியவர்களுக்கு மட்டுமே தெரிவிக்கப்படும் என்று வினோதா வருத்தத்தோடு சொல்லியிருந்தார். போனது போகட்டும் என்று வெண்மதி அதை விட்டுவிட்டாள்.

பங்குனியில் புது விலாசத்துக்குக் கழகத்திலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. தங்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கின் முழு மதிப்பும் தங்களுக்கு விளங்கிவிட்டது என்று பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து உறுதி கூற வேண்டும்; தவறினால் விலக்கு ரத்தாகும் என்று அதில் கண்டிருந்தது. இணைப்பாக ஒரு கட்டணப் பட்டியல். அறிவுச்செல்வன் இரண்டு தடவை படித்துவிட்டு வெண்மதியிடம் நீட்டினார். வெண்மதி கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தாள். சான்றிதழின் நகல் ஒன்றை எடுத்து, அதன் கீழே, 'மேற்படியார் முற்றிலும் விளங்காதவர். ஆகவே தங்கள் கடிதமும் அவருக்கு விளங்கவில்லை' என்று எழுதி, உறைக்குள் வைத்தாள்.

ஒட்டப்போகும் சமயத்தில் நிமிர்ந்து பார்த்தாள். அறிவுச்செல்வன் அந்தக் கட்டணப் பட்டியலை மேஜை மேல் விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்திருந்தார்.

"கூட்டல் தப்பு வெண்மதி. இருபதாயிரம் வரணும். பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கான். திருத்தி உள்ள வச்சிடலாம், ஒரு நிமிஷம்..."

வெண்மதி எட்டிப் பேனாவைப் பிடுங்கினாள்.

"விளங்காதவரு கையில செவப்புப் பேனா எதுக்கு?" என்றாள்.